எஞ்சினுக்கு ஏரி நீர்! ஏழைக் குழந்தைக்கு ஈய நீர்!



அமெரிக்கா என்றதும் நமது நாட்டுச் சீமான்கள் சிலருடைய கண்களில் தனி ஒளி பிறக்கும். வானை முட்டும் மாளிகைகள், வழுக்கிக்கொண்டு ஓடும் கார்கள், பொத்தானை அழுத்தினால் பொங்கிவரும் வசதிகள் என்று பட்டியல் வாசிப்பார்கள். வாசிக்கட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் நாம் இன்று பார்க்கப்போவது மாளிகையை அல்ல. அந்த நாட்டிலே, ஒரு தொழிலாளியின் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்து, அங்குள்ள தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்க்கப்போகிறோம்.

திறந்தால் வருவது என்ன? பழுப்பு நிறத் தண்ணீர்! நாற்றம் வீசும் தண்ணீர்! அதைவிடக் கொடுமை, நிறமில்லாமல், மணமில்லாமல், சுவையில்லாமல் குழந்தையின் மூளையைத் தாக்கும் ஈயம் கலந்த தண்ணீர்!

எங்கே நடந்தது? ஏதோ பாலைவனத்திலா? இல்லை, தோழர்களே, இல்லை! மிச்சிகன் மாநிலத்திலே நடந்தது. உலகத்தின் நிலப்பரப்பில் கிடக்கும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தாங்கி நிற்பவை வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகள். அவற்றுள் நான்கு மிச்சிகனின் கரையைத் தொட்டு நிற்கின்றன. கடல் போன்ற நன்னீர் கண்ணெதிரே! ஆனால் பிளின்ட் நகரத்துப் பாட்டாளியின் வீட்டுக் குழாயிலே நஞ்சு!

நாற்பத்து நான்கு நாள் வீரம்

பிளின்ட் என்ற பெயரைத் தொழிலாளர் இயக்கம் மறக்க முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் பெரும் கார்க் கம்பெனி 1908இல் பிறந்த ஊர் அது. அதே கம்பெனியின் ஆலைகளுக்குள்ளே 1936 டிசம்பர் 30இல் தொழிலாளர்கள் உட்கார்ந்தார்கள். வேலையையும் செய்யவில்லை, வெளியேறவும் இல்லை. வெளியே போலீசின் கண்ணீர்ப்புகை. உள்ளே உறுதி குலையாத நெஞ்சம். 44 நாட்கள்! 1937 பிப்ரவரி 11இல் கம்பெனி பணிந்தது. தொழிலாளர் சங்கத்தை ஏற்றுக்கொண்டது. அமெரிக்கத் தொழிலாளி தலைநிமிர்ந்த வரலாற்றிலே அது ஓர் அத்தியாயம்.

அந்த ஊருக்குப் பிற்காலத்தில் என்ன நேர்ந்தது? ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலை போயிற்று, வேலை தேடி மக்களும் வெளியூர் போயினர். இருந்தவர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். பத்தில் நான்கு பேர் வறுமையில் வாடினர். உழைத்து உழைத்து ஊரை வளர்த்தவர்கள் ஓட்டாண்டிகளாக நின்றனர். உழைப்பை உறிஞ்சிய கம்பெனியோ வேறிடம் தேடிப் போயிற்று. வரி வருமானம் வற்றிய நகராட்சி கடனில் மூழ்கியது.

ஓட்டு இருந்தது, உரிமை இல்லை

கடன்பட்டான் வீட்டுக்குள் கணக்குப்பிள்ளை புகுவது போல, 2011இன் இறுதியில் மாநில அரசு பிளின்டுக்குள் புகுந்தது. ஆளுநர் ரிக் ஸ்னைடரின் ஆட்சி 'அவசரகால நிர்வாகி' என்ற பெயரிலே ஓர் அதிகாரியை நியமித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த மேயர் இருந்தார், கவுன்சிலும் இருந்தது, ஆனால் கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் அவர்களிடம் இல்லை!

மக்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. இந்த நிர்வாகி முறைக்கு வழிவகுத்த சட்டத்தை 2012 நவம்பரில் மிச்சிகன் வாக்காளர்கள் பொது வாக்கெடுப்பிலே தூக்கி எறிந்தார்கள். ஆனால் அடுத்த மாதமே, சிறு மாற்றங்களோடு, அதே போன்ற சட்டத்தை மாநிலச் சட்டமன்றம் மீண்டும் கொண்டுவந்தது. அதுவும் எப்படி? இனிமேல் பொது வாக்கெடுப்பால் தொடவே முடியாத வகையிலே கொண்டுவந்தது! மக்கள் "வேண்டாம்" என்றனர். மன்றம் "வேண்டும்" என்றது. இதற்குப் பெயரும் ஜனநாயகமாம்!

இதை நாம் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தண்ணீரிலே நஞ்சு கலப்பதற்கு முன்பே, ஊரின் உரிமையிலே நஞ்சு கலந்துவிட்டது. முதல் நஞ்சு இல்லையேல் இரண்டாவது நஞ்சு அத்தனை எளிதில் வந்திராது.

குழாயின் உள்ளே நடந்தது

பிளின்ட் நகரம் பல பத்தாண்டுகளாக டெட்ராய்ட் நகரத்திடமிருந்து தண்ணீர் வாங்கியது. ஹியூரான் ஏரியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த தண்ணீர் அது. விலை அதிகம் என்றார்கள். ஏரியிலிருந்து புதுக் குழாய்த் தடம் போடப்படுகிறது. அது முடியும்வரை நமது பிளின்ட் ஆற்றுத் தண்ணீரையே குடிப்போம். பல லட்சம் டாலர் மிச்சம் என்றார்கள். 2014 ஏப்ரல் 25இல் மதகை மாற்றினார்கள். அதிகாரிகள் ஆற்று நீரைக் கிளாசில் ஏந்திக் குடித்துக் காட்டினார்கள்!

இங்கேதான், தோழர்களே, கொஞ்சம் ரசாயனம் தெரிந்துகொள்ள வேண்டும். கடினமில்லை, கேளுங்கள்.

பழைய ஊர்களிலே, தெருவின் பெரிய குழாயிலிருந்து வீட்டுக்குப் போகும் சிறு குழாய் ஈயத்தாலானது. ஈயம் வளையும், உழைக்கும், ஆகவே அந்தக் காலத்தில் விரும்பிப் போட்டார்கள். அந்தக் குழாய் வழியே இத்தனை ஆண்டு தண்ணீர் வந்தபோது பெருங்கேடு வராதது ஏன்? டெட்ராய்ட் தண்ணீரிலே 'ஆர்த்தோபாஸ்பேட்' என்ற பொருளைச் சிறிதளவு கலந்து அனுப்பினார்கள். அது குழாயின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிந்து, தண்ணீருக்கும் ஈயத்துக்கும் நடுவே திரை போல நின்றது. பாத்திரத்துக்குப் பூசும் பூச்சு போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்று நீருக்கு மாறியபோது அந்தப் பொருளைச் சேர்க்கவில்லை. ஆற்று நீரிலோ, உலோகத்தை அரிக்கும் குளோரைடு உப்பு ஏரி நீரில் இருப்பதைவிடப் பன்மடங்கு. திரை கரைந்தது, குழாய் அரித்தது, ஈயம் தண்ணீரில் இறங்கியது. இரும்புக் குழாய்களும் அரித்தன. துரு கலந்து தண்ணீர் பழுப்பாயிற்று.

கேடு அத்தோடு நிற்கவில்லை. கிருமியைக் கொல்லத் தண்ணீரில் குளோரின் போடுகிறார்களே, அந்தக் குளோரினைத் துரு தின்றுவிடும். குளோரின் குறைந்தால் கிருமி வளரும். 2014 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மலக்கிருமி காணப்பட்டது. "காய்ச்சிக் குடியுங்கள்" என்றனர். கிருமியைக் கொல்லக் குளோரினை அள்ளிக் கொட்டினர். ஆற்று நீரிலுள்ள அழுகல் பொருளோடு குளோரின் சேர்ந்தால் 'டிரைஹாலோமீதேன்' என்னும் வேறு வகை நச்சுப்பொருள் உண்டாகும். அதுவும் எல்லை மீறியது. 2015 ஜனவரியில் மக்களுக்கு அறிவிப்பு அனுப்பினர். ஒரு தவறை மூடப்போய் மற்றொரு தவறு; அதை மறைக்கப்போய் இன்னொன்று!

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஈயம் சாகாது. நீர் ஆவியாகி வற்ற வற்ற, மிஞ்சிய நீரிலே ஈயத்தின் அளவு கூடும். "காய்ச்சிக் குடி" என்ற அறிவுரையை நம்பிக் குழந்தைக்குப் பால்மாவு கரைத்த தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

முதலாளிக்கு முதலில் தெரிந்தது

இப்போது வருவதுதான் நெஞ்சைச் சுடும் பகுதி.

2014 அக்டோபர். பிளின்டில் மிஞ்சியிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் ஆலையிலே ஒரு முறையீடு: இந்தத் தண்ணீர் எஞ்சின் பாகங்களை அரிக்கிறது! கம்பெனி கேட்டது, காரியம் நடந்தது. ஆலைக்கு மட்டும், பக்கத்து ஊராட்சி வழியாக, பழையபடி ஏரித் தண்ணீர் கிடைத்தது.

இரும்பை அரிக்கும் தண்ணீர் என்று ஆலைக்குத் தெரிந்தது. இரும்பையே அரிக்கும் தண்ணீர் இரைப்பையை என்ன செய்யும், இளங்குழந்தையை என்ன செய்யும் என்று ஆட்சிக்குத் தோன்றவில்லையா? எஞ்சினுக்கு வாயில்லை, ஆனால் அதற்காக வாதாட முதலாளி இருந்தான். குழந்தைக்கு வாய் இருந்தது; அழுதது; கேட்க ஆளில்லை! எஞ்சின் தப்பியது, குழந்தை சிக்கியது. ஆலைக்கு மாறிய ஏரி நீர் வீடுகளுக்கு மாற இன்னும் ஓராண்டு ஆயிற்று, தோழர்களே, ஓராண்டு!

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். அழுகையை வரவழைக்கும் வேடிக்கை. 2015 ஜனவரியிலே, தண்ணீருக்குக் கேடில்லை என்று மக்களிடம் சொல்லிக்கொண்டிருந்த அதே மாநில அரசு, பிளின்டிலுள்ள தன் அலுவலகக் கட்டடத்தில் ஊழியர்களுக்குத் தனியே சுத்தத் தண்ணீர்க் கலன்களை வைத்தது. ஊருக்கு உபதேசம்; தனக்குத் தனிக் கலன்!

கவலை வேண்டாம் என்றது அதிகாரம்

மக்கள் பாட்டில்களில் பழுப்புத் தண்ணீரை ஏந்திக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தலைமுடி உதிர்வதைக் காட்டினார்கள். குழந்தைகளின் உடலில் கண்ட தடிப்பைக் காட்டினார்கள். நாட்டிலேயே மிக உயர்ந்த தண்ணீர்க் கட்டணங்களில் ஒன்றைக் கட்டிக்கொண்டு இதைக் குடித்தார்கள்! 2015 மார்ச்சில் நகரக் கவுன்சில் 7க்கு 1 என்ற வாக்கில், டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்புவோம் என்று தீர்மானித்தது. அவசரகால நிர்வாகி மறுத்தார். ஏழு பேர் கை தூக்கியும் பயனில்லை, ஒருவர் தலையசைக்கவில்லை, ஊர் தொடர்ந்து நஞ்சைக் குடித்தது.

ஒரு தாய் விடவில்லை. தன் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார். அந்த வீட்டிலே பின்னர் எடுத்த மாதிரி ஒன்றில் ஈயம் நூறுகோடியில் 13,000 பங்குக்கும் மேல் இருந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 15 பங்கைத் தாண்டினாலே நடவடிக்கை எடுக்க வேண்டும்; 5,000 பங்கைத் தொட்டால் அதற்கு 'அபாயக் கழிவு' என்று பெயர். கழிவு என்று கொட்ட வேண்டியது குடத்தில் வந்தது!

மத்திய அரசின் சுற்றுச்சூழல் காப்பு நிறுவனத்தைச் சேர்ந்த மிகுவல் டெல் டோரல் என்ற அலுவலர், அரிப்பைத் தடுக்கும் பொருள் சேர்க்கப்படவில்லை, இது பெருங்கேடு என்று 2015 ஜூனில் குறிப்பு எழுதினார். மாநில அதிகாரிகள் என்ன செய்தனர்? கவலைப்படுவோர் நிம்மதியாக இருக்கலாம் என்று பேச்சாளர் அறிவித்தார். சோதனை அறிக்கையிலே இரண்டு மாதிரிகளை நீக்கினர். நீக்கியதும் கணக்கு எல்லைக்குள் வந்து உட்கார்ந்தது! தண்ணீரைச் சுத்தம் செய்யவில்லை. தாளைச் சுத்தம் செய்தார்கள்!

எண்கள் பேசின

பொய்யை வீழ்த்தியது எது? உண்ணாவிரதமா? யாகமா? அல்ல. அறிவு வீழ்த்தியது, அளவு வீழ்த்தியது.

விர்ஜினியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் தம் மாணவர் குழுவோடு வந்தார். பிளின்ட் மக்களே வீடு வீடாகச் சென்று, 250க்கும் மேற்பட்ட வீடுகளின் தண்ணீரைக் குப்பிகளில் சேகரித்துக் கொடுத்தனர். படித்தவரின் ஆய்வுக்கூடமும் பாட்டாளியின் கால்நடையும் ஒன்று சேர்ந்தன. ஈயம் இருப்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது.

அதே ஊரின் ஹர்லி மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா. ஈராக்கிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தின் மகள். தண்ணீர் மாறுவதற்கு முன்பும் பின்பும் எடுத்த குழந்தைகளின் ரத்தச் சோதனைகளை ஒப்பிட்டார். ரத்தத்தில் ஈயம் மிகுந்த குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழ இருமடங்காகி இருந்தது. 2015 செப்டம்பர் 24இல் நிருபர்களை அழைத்து வெளியிட்டார். மாநில அரசின் ஆட்கள் முதலில் அவரை ஏளனம் செய்தனர். வீண் பீதி கிளப்புகிறார் என்றனர். சில நாட்களில், தங்கள் கையிலிருந்த கணக்கும் அதையே சொல்வதைக் கண்டு வாய் மூடினர். 2015 அக்டோபர் 16இல் பிளின்ட் மீண்டும் ஏரித் தண்ணீருக்குத் திரும்பியது. 2016 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஒபாமா நெருக்கடி நிலை அறிவித்தார். ஆளுநர் ஸ்னைடர் மன்னிப்புக் கேட்டார்.

அந்த ஜனவரியின் இறுதியிலே ஒரு காட்சி. மிச்சிகனின் பல பகுதிகளிலிருந்தும் குழாய்த் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 300 பேர் பிளின்டுக்கு வந்தனர். ஏழைகளின் வீடுகளுக்குக் கூலி வாங்காமல் வடிகட்டியும் புதுக் குழாயும் பொருத்தினர். ஆளவந்தார் கைவிட்ட வீட்டுக் கதவைத் தொழிலாளியின் கை தட்டியது!

மன்னிப்பால் மூளை வளருமா?

மன்னிப்பு கிடைத்தது, மாண்டவர் மீள்வரா? 2014, 2015 ஆண்டுகளில் அந்த வட்டாரத்தில் 'லெஜியனல்லா' என்ற கிருமியால் நுரையீரல் காய்ச்சல் பரவியது. குளோரின் குறைந்த தண்ணீரில் வளரும் கிருமி அது. அரசு ஒப்புக்கொண்ட கணக்கிலேயே 12 பேர் இறந்தனர். ஈயமோ உடனே கொல்வதில்லை. குழந்தையின் மூளையில் புகுந்து, படிப்பைக் குறைக்கும், கவனத்தைக் கலைக்கும், குணத்தைக் கெடுக்கும். இந்த அளவுக்குக் கீழே இருந்தால் குழந்தைக்குக் கேடில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்கு இல்லை என்பது மருத்துவ உலகின் முடிவு.

2021 நவம்பரில் 62 கோடியே 60 லட்சம் டாலர் இழப்பீட்டை நீதிமன்றம் ஏற்றது. பெரும்பகுதி குழந்தைகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. குற்ற வழக்குகளோ? குற்றம் சாட்டிய முறை சட்டப்படி செல்லாது என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. 2023இல் ஆளுநர் மீதும் அதிகாரிகள் மீதும் இருந்த வழக்குகள் முடிந்துபோயின. ரொட்டி திருடியவனுக்குச் சிறை உண்டு. ஊர்க் குழந்தைகளின் அறிவைத் திருடியதற்குச் சிறைக் கதவு திறக்கவில்லை.

இதே கொடுமை, பணக்கார வெள்ளையர் வாழும் ஊரிலே இத்தனை காலம் நீடித்திருக்குமா? நாம் மட்டும் கேட்கவில்லை. மிச்சிகனின் குடிமை உரிமைகள் ஆணையமே 2017 பிப்ரவரியில், காலங்காலமாக வேரோடிய இனப் பாகுபாடு இதற்குக் காரணங்களில் ஒன்று என்று அறிக்கை தந்தது. அங்கே நிறம், இங்கே சாதி. எவனைத் தாழ்ந்தவன் என்று சமுதாயம் ஒதுக்குகிறதோ, அவன் குடத்திலேதான் கேடு முதலில் விழுகிறது.

பிளின்டோடும் முடியவில்லை. அதே மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையிலேயே உள்ள பென்டன் ஹார்பர். கறுப்பின மக்கள் மிகுந்த ஏழை ஊர். 2018இலிருந்து தண்ணீரில் ஈயம் எல்லை மீறியது. மக்கள் போராடினர், அதன் பின்னர் ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் ஊரின் ஈயக் குழாய்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது சான்று. 2018 ஜூலையில் பார்ச்மென்ட் என்ற ஊர்; காகித ஆலை இருந்த ஊர். அங்கே 'பீஃபாஸ்' என்னும் ரசாயனம், மத்திய அரசு அறிவுறுத்திய அளவைப்போல் இருபது மடங்குக்கு மேல்! ஒட்டாத சட்டிக்கும், தீயணைக்கும் நுரைக்கும், காகிதப் பூச்சுக்கும் பயன்படும் ரசாயனக் குடும்பம் அது, எளிதில் அழியாதது. கம்பெனி லாபத்தை எடுத்துக்கொண்டு போயிற்று. கழிவை ஊர் குடித்தது.

நமக்கு என்ன பாடம்?

"எங்கோ நடந்தது, நமக்கென்ன?" என்று எவரேனும் கேட்கக்கூடும். சொல்லுகிறோம்.

ஊருக்கு ஊர் நஞ்சு வேறு. பிளின்டில் ஈயம், நமது தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் நிலத்தடி நீரிலே பல்லைக் கறையாக்கி, எலும்பை முடக்கும் ஃபுளோரைடு. அதற்கு மாற்றாகத்தான் கலைஞர் ஆட்சியில் 2008இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயனுக்கு வந்தது. நஞ்சு வேறானாலும் கேள்வி ஒன்றே: குடத்துக்குள் இருப்பது என்ன என்று அறியும் உரிமை யாருக்கு?

உள்ளாட்சி உரிமையை இழந்த ஊரின் கதி என்ன என்பதையும் பிளின்ட் காட்டிவிட்டது. நாமும் அறிவோம். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும் வரை தமிழ்நாட்டின் நகராட்சிகளும் மாநகராட்சிகளும் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. தெருக்குழாயில் சாக்கடை கலந்தால் எந்தக் கவுன்சிலரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் மக்கள் தவித்த காலம் அது. இப்போது கேட்க ஆள் கிடைத்த இடத்தில், அந்த ஆள் நம்மவரே என்றாலும் கேளுங்கள்! நம்மவர் என்பதற்காகக் கேட்காமல் விட்டால், தவறு செய்தவனைவிட நாமே பெரிய குற்றவாளி.

என்ன கேட்பது? "தண்ணீர் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "இருக்கிறது" என்று ஒரே சொல்லில் பதில் வரும். எண்ணைக் கேளுங்கள்! கடைசியாக எந்தத் தேதியில் சோதித்தீர்கள்? தொட்டியிலா, கடைக்கோடித் தெருக் குழாயிலா? கடைக்கோடிக் குழாயில் மிஞ்சிய குளோரின் எவ்வளவு? லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஃபுளோரைடு எவ்வளவு? 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நலம். வேறு வழியில்லாத இடத்திலும் 1.5ஐத் தாண்டலாகாது. ஈயம் எவ்வளவு? 0.01 மில்லிகிராமைத் தாண்டலாகாது. இந்த நான்கைந்து எண்களைப் படிப்பகத்துச் சுவரிலே எழுதி வையுங்கள். கிளைக் கூட்டத்திலே படியுங்கள்.

மேல்தட்டு மக்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் வீட்டில் வடிகட்டும் எந்திரம் உண்டு, கடைத் தண்ணீர் கேன் உண்டு. பொதுக்குழாய் ஒன்றையே நம்பி நிற்பவன் பாட்டாளி. ஆகவே பொதுக்குழாயைக் காப்பது அவன் கடமை. அவனுடைய இயக்கத்தின் கடமை.

1937இலே பிளின்டின் தொழிலாளி ஆலைக்குள் உட்கார்ந்து கூலியையும் மானத்தையும் வென்றான். அவனுடைய பேரப்பிள்ளைகள் 2015இலே குப்பியில் தண்ணீர் பிடித்துச் சென்று உண்மையை வென்றனர். இரண்டும் போராட்டமே. முன்னதற்குத் துணிவு வேண்டும். பின்னதற்குத் துணிவோடு அறிவும் வேண்டும். இரண்டும் நம்மிடம் உண்டு என்று நம்புகிறோம். இந்த வாரமே உங்கள் தெருவின் கடைசிக் குழாய்க்குப் போங்கள். நகராட்சிக்கு எழுதுங்கள். எண் வரும்வரை விடாதீர்கள்!